மேல்வீட்டு மிக்ஸியும் என் சீலிங்கின் எட்டு ஓட்டைகளும்

நாலாவது மாடிக்காரி:

எனக்கு இரவுப் பணி. நான்கு மணிக்கு வந்து படுத்தால், ஐந்துக்கு மேல்வீட்டில் மிக்ஸி ஓட ஆரம்பிக்கும். பிறகு டைனிங் நாற்காலியை இழுப்பார்கள். அப்புறம் பேரன் எழுந்துவிடுவான், தொம் தொம்மென்று குதிப்பான்.

சீலிங் போட வந்தவர், "ராக்வூல் வெச்சு அடிச்சிட்டா ஒண்ணும் கேக்காது மேடம்" என்றார். ராக்வூல் என்றால் கல்லை உருக்கி இழையாக்கின பஞ்சு. பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஜிஐ ஃப்ரேம், 50 மி.மீ. ராக்வூல், 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு. அழகாக இருக்கட்டுமே என்று சீலிங்கில் ஓட்டை போட்டுப் பதிக்கிற டவுன்லைட் எட்டும் நான்தான் கேட்டேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு அதே மிக்ஸி. சட்னியா பொடியா என்று சொல்லிவிடலாம், அவ்வளவு தெளிவு.

எரிச்சலில் ஸ்டூலைப் போட்டு ஏறி ஒரு லைட்டைக் கீழே இழுத்தேன். (ஸ்பிரிங் கிளிப் விரலில் அறைந்தது, ஜாக்கிரதை.) ஓட்டையில் காதை வைத்தால் ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். லைட்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு ராக்வூலை ஒதுக்கிவிட்டிருந்தார் எலக்ட்ரீஷியன். அவர் மேல் தப்பில்லை, சூடு வெளியேறாவிட்டால் எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கிற டிரைவர் சீக்கிரம் போய்விடும். ஆனால் லைட்டுக்கு மேலே சத்தத்தைத் தடுக்க எதுவுமே இல்லை.

கணக்குப் போட்டேன். ஆறு அங்குல ஓட்டை எட்டு என்றால் கிட்டத்தட்ட ஒன்றரைச் சதுர அடி, 120 சதுர அடியில் ஒரு சதவீதத்துக்கும் மேல். ஒரு சதவீதம் திறந்து கிடந்தாலே, மீதியை எவ்வளவு கனமாகப் போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. லைட் ஓட்டையை மூடுகிறதே என்று கேட்கலாம். மெல்லிய தகடும் பிளாஸ்டிக்கும், அது என்ன தடுக்கும்?

ஆறு ஓட்டையை போர்டு துண்டு வைத்து அடைத்து, சுவரிலேயே லைட் மாட்டிவிட்டேன். மீதி இரண்டுக்கு சீலிங்கைப் பிரித்து, ஜிப்சம் துண்டுகளாலேயே இரண்டு அடுக்கில் பெட்டி. டிரைவரும் உள்ளே காற்றாட இருக்கிற அளவுக்குப் பெரிசு. மூலையெல்லாம் காய்ந்தாலும் இறுகாத சீலன்ட். ஃபேன் ராடைச் சுற்றியிருந்த ஓட்டையை யாரும் கவனிக்கவில்லை, கப் மறைத்திருந்தது. அங்கே மெத்தென்ற ரப்பர் வளையம்.

மிக்ஸி பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. தொம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது சுவர் வழியாக இறங்குகிறது.

ஸ்கார்பரோ தம்பி:

அக்கா, இங்கே கனடாவில் எங்கட வீடு மரச்சட்டம். மேலே நடந்தால் பேஸ்மென்டில் மேளம் அடிக்கிற மாதிரிக் கேட்கும். சட்டங்களுக்கு நடுவே ராக்வூல், கீழே ரெசிலியன்ட் சேனல் (போர்டு நேரே சட்டத்தில் படாமல் ஆடவிடுகிற தகட்டுப் பட்டை), அதில் 5/8 அங்குல ட்ரைவால், அதாவது ஜிப்சம் போர்டு, இரண்டு அடுக்கு. கொன்ட்ராக்டர் நீள ஸ்குரூ போட்டு நாலைந்து இடத்தில் சட்டத்தையே பிடித்துவிட்டார். சேனல் ஆடவேண்டியது, ஆடாமல் போனால் அந்தச் செலவு வீண்தான். பிறகு பன்னிரண்டு பாட் லைட் வேறு, நீங்கள் சொல்லுற டவுன்லைட்தான். ராக்வூல் பட்டாலும் பரவாயில்லை என்று ஐசி முத்திரை உள்ளதாகப் பார்த்துத்தான் வாங்கினோம். ஆனால் அது சூட்டுக்கான முத்திரை, சத்தத்துக்கு இல்லை. நான் போனில் பேசுவது முழுக்கக் கேட்குது என்று வாடகைக்கு இருக்கிற பிள்ளை சொன்ன பிறகுதான் விளங்கியது. இன்னொன்று: கீழே வாடகைக்கு விட்டால் அந்தக் கூரைதான் தீத்தடுப்பும். ஓட்டை போட முதல் அனுமதியைப் பாருங்கோ.

மிருதங்க வாத்தியார்:

நான் பண்ணின கூத்தைக் கேளுங்கள். வகுப்பு அறைக் கூரை முழுக்க முட்டை அட்டை ஒட்டினேன். எதிரொலி குறைந்தது, வாசிக்கச் சுகமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த நாளும் வந்து கதவைத் தட்டினார். தெர்மகோலும் அதே கதைதான், கனம் இல்லாதது எதையும் நிறுத்தாது.

நாலாவது மாடிக்காரி:

அந்தத் தொம்முக்காக நேற்று மேலே போனேன். நாற்காலிக் கால் பதினாறுக்கும் ரப்பர் புஷ் வாங்கிக்கொண்டு போய் நானே மாட்டினேன், மாமி காபி போட்டுக் கொடுத்தார். மிக்ஸிக்கு அடியில் பழைய ரப்பர் மேட்டை மடித்து வைக்கவும் சம்மதம். பேரன் குதிக்கிற இடத்தில் கனமாக ஒரு ஜமுக்காளம் போடலாமா என்று கேட்டேன். "போடு, ஆனா அவன் அதுல நிக்க மாட்டான்" என்றார்.