மூளைக் கட்டி: நியூரோ ஆன்காலஜி சொசைட்டி பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அண்ணனுக்கு மூளைக் கட்டி ஆபரேஷன் முடிஞ்சு பயாப்சி ரிப்போர்ட் வந்துருச்சு, கிளையோபிளாஸ்டோமா (வேகமா வளர்ற மூளைப் புற்றுநோய்), ஐடிஹெச் வைல்ட் டைப் (அந்த ஜீன்ல மாற்றம் இல்லாத வகை), எம்ஜிஎம்டி மெதிலேஷன் (கீமோ எவ்வளவு கேக்கும்னு கணிக்க உதவுற டெஸ்ட்) ரிசல்ட் மட்டும் இன்னும் வரல. அடுத்து ரேடியேஷனும் கூடவே டெமோசோலோமைடுங்கிற கீமோ மாத்திரையும்னு சொல்லிருக்காங்க. 2005ல வந்த ட்ரையலுக்கு அப்புறம் உலகம் பூரா இதுதான் வழக்கமான ட்ரீட்மென்ட்னு படிச்சேன், அதுல எனக்கு சந்தேகம் இல்ல.

நான் கேக்க வந்தது வேற. எஸ்என்ஓ (அதான் நியூரோ ஆன்காலஜி சொசைட்டி, 1995ல ஆரம்பிச்சது), ஐரோப்பாவுல ஈயானோ மாதிரி மூளைக் கட்டி பாக்குற டாக்டர்கள் சங்கங்கள் இருக்குல்ல, அதுங்க வெளியிடுற கைட்லைன்ஸ் எங்கள மாதிரி வீட்டு ஆளுங்க படிச்சா புரியுமா? நோயாளிங்களுக்குன்னு எளிமையா எழுதினது எதாவது இருக்கா? 2017ல ஈயானோ பேலியேட்டிவ் கேர் (நோயாளியோட கஷ்டத்தைக் குறைச்சு, குடும்பத்துக்கும் ஆதரவா இருக்குற கவனிப்பு) பத்தி தனியாவே ஒரு கைட்லைன் போட்டுருக்காங்க, அதை டாக்டர்கிட்ட காட்டி பேசினா தப்பா எடுத்துக்குவாரோன்னும் யோசனையா இருக்கு (சிலருக்கு நெட்ல படிச்சுட்டு வந்தாலே மூஞ்சி மாறிடும்).

ஏன்னா அண்ணன் கண்ணாடி வேணும்னா சாவி எடுன்னு சொல்றார், நமக்கு புரியலன்னா கோவத்துல தட்டையே தள்ளி விட்டுடறார். ஸ்பீச் தெரபி, வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு குறைக்கிறது, அண்ணிக்கு மனசு ஆறுதல், இதெல்லாம் ஸ்கேன் பாக்குற அவசரத்துல யாரும் பேசவே மாட்டேங்கிறாங்க.

அப்புறம் கிளினிக்கல் ட்ரையல்ல (புது சிகிச்சைய சோதிச்சுப் பாக்குற ஆய்வு) சேரணும்னா ரேடியேஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேக்கணுமா? இந்த வழில போனவங்க யாராவது இருந்தா கமெண்ட்லயே சொல்லுங்க ப்ளீஸ். மூலிகை, மந்திரம், டயட் லிங்க் மட்டும் அனுப்பாதீங்க, அது ஏற்கனவே சொந்தக்காரங்க நிறைய அனுப்பிட்டாங்க.