தரம் 7 பின்னக் கூட்டல்: 40 நிமிடத்தில் தேர்ச்சியைக் கணிப்பிடுவது எப்படி?

கேள்வி:
வகுப்பில் 42 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள செயற்பாட்டுக்குக் குழு பிரிக்கவே பத்து நிமிடம் போய்விடுகிறது. கடைசியில் கணிப்பீட்டுக்கு நேரமில்லை, எல்லாருக்கும் ஒரே மாதிரிப் புள்ளி விழுகிறது. எதைக் குறைக்கலாம்?

மறுமொழி 1:
கணிப்பீட்டை மட்டும் குறைக்காதீர்கள். இலங்கையில் 2007இல் தரம் 6, 10 வகுப்புகளுக்குத் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் (பிள்ளை எதைச் செய்யக்கூடியதாக வேண்டும் என்பதை மையமாகக் கொண்ட பாடத்திட்டம்) வந்தபோது 5 ஈ (5E) மாதிரியும் கூடவே வந்தது: ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல். அந்த ஐந்து படிகளையும் ஒரே பாடவேளைக்குள் திணிக்கத் தேவையில்லை, இரண்டு பாடவேளைக்கு விரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதன் கடைசி ஏழு நிமிடத்தில் கால் தாள் கொடுத்து ஒரே கணக்கு: 1/4 + 1/6 (விடை 5/12).

புள்ளி போடாமல் விடைகளைப் பிழையின் வகைப்படி பிரித்து வையுங்கள். 2/10 என்று எழுதிய பிள்ளை பின்னத்தை ஒரு அளவாகப் பார்க்கவில்லை, மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனி எண்களாகக் கூட்டியிருக்கிறது. அதற்கு 12 கட்டம் போட்ட கடதாசிப் பட்டியில் நிறம் தீட்டக் கொடுங்கள். 2/12 என்றால் பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) தெரியும், தொகுதியெண்ணை (மேலே உள்ள எண்ணை) மாற்றத் தெரியாது. சமவலுப் பின்னத்துக்கு (1/4 = 3/12 போல) திரும்ப வேண்டும். 10/24 பிழையே இல்லை, சுருக்கவில்லை, அவ்வளவுதான். இந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே பரிகாரக் கற்பித்தல் செய்தால் மூவருக்கும் பயனில்லை.

மறுமொழி 2:
குழுக்களைத் தவணை முழுவதற்கும் நிரந்தரமாக்குங்கள், ஆறு பேராக ஏழு குழு. முன் வாங்கில் இருப்போர் திரும்பி உட்கார்ந்தாலே போதும். பதிவேட்டில் 42 பெயருக்கும் குறிப்பு எழுத வேண்டாம். தேர்ச்சி அடையாதவர்களின் பெயரும் பிழையின் வகையும் போதும். மறுபடி பார்க்கும்போது எண்களை மாற்றுங்கள் (1/6 + 3/8, விடை 13/24). பழைய கணக்கையே கொடுத்தால் மனப்பாடம்தான் வரும்.

மறுமொழி 3:
முதல் மறுமொழியோடு ஒன்று சேர்க்க வேண்டும். 5/12 என்று சரியாக எழுதியதைத் தேர்ச்சி என்று முடித்துவிடக் கூடாது, அது செய்கைத் திறன். தோட்டத்தின் 1/4இல் மிளகாய், 1/6இல் வெங்காயம், மீதி எவ்வளவு என்று கேளுங்கள். கூட்டலைச் சரியாகச் செய்து 5/12இலேயே நிறுத்துகிறவர்கள் இருப்பார்கள். முழுத் தோட்டத்தை 1 என்று எடுக்க அவர்களுக்குத் தோன்றாது. விடை 7/12. தவணைப் பரீட்சையிலும் இப்படி ஒரு வினா கட்டாயம் வேண்டும். வினாத்தாள் பழைய மாதிரியே இருந்தால் பிள்ளைகள் அதற்குத்தான் படிப்பார்கள், வகுப்பில் எந்த மாதிரியைப் பின்பற்றினாலும்.