புதுப்பிப்பு: 2,000 டாலர் பில்லுக்கு 1,520 வந்த கதை

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: அமெரிக்காவில் நான் கான்ட்ராக்டராக வேலை செய்து கொடுத்த நிறுவனம் 480 டாலரைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பியது என்று. ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். தப்பு என் பக்கம்தான்.

எனக்கு ஓராள் எல்எல்சி, அதாவது நான் ஒருவனே உரிமையாளராக இருக்கும் சிறு கம்பெனி. பணம் தரும் நிறுவனத்துக்கு நம் பெயரையும் வரி எண்ணையும் எழுதிக் கொடுக்கும் டபிள்யூ-9 படிவத்தின் முதல் வரியில் எல்எல்சி பெயரை எழுதி, கீழே என் சொந்த எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) போட்டிருந்தேன். பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்று அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. அவர்கள் புது டபிள்யூ-9 கேட்டு எனக்கு எழுதிய கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டது. பதில் இல்லாததால் 24 சதவீதம் பிடித்தம். சட்டப்படி அவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

சரி, இப்போது திருத்தியாயிற்று. முதல் வரியில் என் பெயர், இரண்டாவது வரியில் எல்எல்சி. தனி வரி கட்டாத ஓராள் எல்எல்சிக்கு இதுதான் முறை. எல்எல்சியின் இஐஎன்னை (கம்பெனிக்கு ஐஆர்எஸ் தரும் வரி எண்) போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்தப் படிவத்தில் கூடாது, உரிமையாளரின் எண்தான்.

480 டாலரை நிறுவனம் திருப்பித் தராது, அது ஐஆர்எஸ்ஸுக்குப் போய்விட்டது. கான்ட்ராக்டருக்குக் கொடுத்த பணத்தை நிறுவனம் கணக்குக் காட்டும் 1099-என்இசி படிவத்தின் நான்காம் கட்டத்தில் அந்தத் தொகை வரும். வருமான வரி ரிட்டர்னில் அதை ஏற்கெனவே கட்டிய வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். நேற்று வந்த அடுத்த பில் பணம் முழுசாக இருந்தது. முகவரியையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.