காஞ்சனபுரியில் ஒரு நாள்: பாலம், சோம் தாம், நடுகல்

காட்பாடிக்காரன்:
பாங்காக் போகிறவர்கள் ஷாப்பிங்கில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு காஞ்சனபுரி போய் வாருங்கள். தோன்புரி ஸ்டேஷனிலிருந்து காலையில் மூன்றாம் வகுப்பு ரயில் இருக்கிறது. ஏசி கிடையாது, மரபெஞ்சு, திறந்த ஜன்னல். நம் விழுப்புரம் பாசஞ்சரில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதையில் இருக்கிறது குவாய் ஆற்றுப் பாலம். அதில் தண்டவாளத்தின் மேலேயே நடக்கலாம். ரயில் வந்தால் ஓரத்து மேடையில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜப்பானியர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை. நடுவில் வளைவில்லாமல் இருக்கும் இரண்டும் குண்டுவீச்சில் உடைந்த இடத்தில் பிறகு மாட்டியவை. செல்ஃபி கும்பலுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

மதியம் சோம் தாம், அதாவது பப்பாளிக்காயை உரலில் இடித்துத் தரும் சாலட். அப்புறம் தேங்காய்ப்பால் சேர்க்காத காட்டுக் குழம்பு. காரத்தில் நம்மூர் ஆட்களையே கண்கலங்க வைக்கும். கூட வந்த அத்தை சைவம், பாவம். காய்கறி என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். ‘ஜே’ என்று சொன்னால்தான் சுத்த சைவம் கிடைக்கிறது. அவருக்குக் கடைசியில் மாம்பழமும் ஒட்டரிசியும்தான்.

சாப்பாடு முடிந்து போர்க் கல்லறைக்குப் போனோம். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள் கிட்டத்தட்ட 7,000 பேர். வெட்டிவிட்ட புல்தரை, பெரும்பாலான கல்லில் பெயர், வயது. அந்த ரயில்பாதை போடும் வேலையில் செத்தவர்கள் இவர்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் பாதை அது. அதில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல், அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் செத்தார்கள். ஆனால் ஆசியக் கூலிகள் சுமார் 2 லட்சம் பேர். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்கிறார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து இழுத்து வரப்பட்ட தமிழர்கள் அதில் ஏராளம். 1943 மழையில் காலரா வந்தபோது கைதிகளுக்காவது அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் கூட இருந்தார்கள். நம் ஆட்களுக்கு யார்? அந்தப் புல்தரையில் அவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை.

அதனால் தாவோர்ன் வராராம் கோயிலுக்கும் போங்கள். தமிழ்த் தொழிலாளர்களுக்காக அங்கே 2023-இல் நடுகல் நட்டிருக்கிறார்கள். செங்கம் பக்கம் நடுகல் பார்த்திருப்பீர்களே, அதே வழக்கம். டூர் பஸ்கள் அங்கே நிற்பதில்லை; வண்டிக்காரரிடம் நாமே கேட்க வேண்டும்.

ஆரணி அக்கா:
தம்பி, எங்கள் தாத்தாவின் தம்பி, தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு மலேயா போனவர். ஜப்பான்காரன் வந்த பிறகு கடிதமே இல்லை. அங்கே பெயர்ப் பட்டியல் ஏதாவது பார்த்தாயா?

காட்பாடிக்காரன்:
இல்லைக்கா. சிப்பாய்களுக்குப் பதிவேடு இருக்கிறது, கூலிகளுக்கு அப்படி முழுசாக எதுவும் இல்லை. வடாற்காட்டிலிருந்து அந்தக் காலத்தில் நிறையப் பேர் மலேயா போனார்கள், நம் பக்கத்தில் இப்படி எத்தனை வீடோ. உங்களிடம் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர் இருக்கிறதா? பழைய கடித உறை இருந்தால் அதில் இருக்கும், தேடிப் பாருங்கள். அது கிடைத்தால் மலேசியாவில் விசாரிக்க ஒரு பிடி கிடைக்கும். நேரில் போவதாக இருந்தால் கல்லறைக்கு எதிரே உள்ள ரயில்பாதை அருங்காட்சியகத்திலும் கேளுங்கள். பாங்காக் திரும்பும் ரயில் மதியமே போய்விடும், ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போங்கள்.