ராஜாஜிய சுதந்திரக் கட்டத்துல வெச்சது யாரு?

சேலத்தான்:
நேத்து நம்ம நடுக்கோடு இங்க ஒரு அரசியல் படம் போட்டாரு, பாத்திருப்பீங்க. குறுக்கால ஒரு கோடு, பொருளாதாரத்துல இடது வலதுன்னு; இடதுன்னா அரசாங்கத்துக் கையில, வலதுன்னா தனியார் கையில. நெடுக்க ஒரு கோடு, மேல அதிகாரம், கீழ சுதந்திரம். நம்மூர் தலைவருங்கள நாலு கட்டத்துலயும் ஆளுக்கொரு புள்ளியா வெச்சிருக்காரு. மத்தவங்களப் பத்தி நான் பேச வரல. ராஜாஜிய வலது பக்கம் கீழ, சுதந்திரத்தோட கடைக்கோடியில கொண்டு போய் வெச்சிருக்காரே, அதப் பாத்துட்டு ராத்திரி தூக்கமே வரல. 1937 அக்டோபர் 1, இந்த தேதி ஞாபகம் இருக்கா? எங்க சேலம் ஜில்லாவுல மதுவிலக்கு வந்த நாள். கொண்டு வந்தது மெட்ராஸ் மாகாணப் பிரதமரா (அப்ப முதலமைச்சர அப்படித்தான் சொல்வாங்க) இருந்த இதே ராஜாஜி. ஒருத்தன் சாயங்காலம் என்ன குடிக்கலாம்னு சட்டம் போட்டவரு சுதந்திரக் கட்டத்துலயா?

நடுக்கோடு:
அண்ணே, கண்ண மூடிக்கிட்டு புள்ளி வெக்கல. 1959ல சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சு, தொழில் பண்ண எதுக்கெடுத்தாலும் அரசாங்க அனுமதி வாங்கணுங்கற முறைக்கு லைசென்ஸ் பெர்மிட் கோட்டா ராஜ்யம்னு பேர் வெச்சு நேரு அரசாங்கத்த நேருக்கு நேர் எதிர்த்தவரு. அதுக்கு முன்னாடியே 1952ல முதலமைச்சரா வந்த கையோட அரிசி மாதிரி உணவு தானியத்து மேல இருந்த அரசாங்கக் கட்டுப்பாட்டத் தூக்குனாரு. 1967ல அந்தக் கட்சிக்கு லோக்சபாவுல 44 சீட்டு. இவர விட சுதந்திரம் பேசுன ஆள் இந்தியாவுல யாருன்னு சொல்லுங்க, புள்ளிய மாத்திடறேன்.

சேலத்தான்:
அரிசியப் பத்தி நான் கேக்கல. கள்ளப் பத்தி கேட்டேன். 1937.

பழையபேப்பர்:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த மாதிரி படத்த 1969 வாக்குல அமெரிக்காவுல டேவிட் நோலன்னு ஒருத்தர் போட்டாரு. அதுல ஒரு கோடு பொருளாதார சுதந்திரம், இன்னொரு கோடு தனிமனித சுதந்திரம். அந்தக் கணக்குல ராஜாஜிக்கு ஒண்ணுல நூத்துக்கு நூறு, இன்னொண்ணுல பாஸ் மார்க் கூட தேறாது. சுதந்திரம்னா எந்த சுதந்திரம்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம் சண்டை போடுங்க.

சேலத்தான்:
அமெரிக்காக்காரன் போட்ட கோடு எனக்கெதுக்குங்க. எங்க வீட்டு தாழ்வாரத்துல ஓட்டு இடுக்குல ஒரு பாளை அருவா சொருகி வெச்சிருக்கு. எங்க தாத்தாவோடது. பிடி மட்டும் கைபட்டு கைபட்டு வழவழன்னு இருக்கும், அலகு பூரா துரு. மதுவிலக்கு வந்தப்புறம் அவரு மரத்துல காலே வெக்கல, செங்கல் சூளைக்கு மண்ணு மிதிக்கப் போயிட்டாரு. மரம் ஏறத் தெரிஞ்சவன் ஏறக்கூடாது, கள்ளு எறக்கத் தெரிஞ்சவன் எறக்கக்கூடாது. இது தொழில் சுதந்திரமா, தனிமனித சுதந்திரமா, எந்தக் கோட்டுல போடுவீங்க? இதுல கள்ளு வருமானம் போச்சுன்னு 1939ல விற்பனை வரி வேற கொண்டு வந்தாரு. பொருளாதாரத்துல நூத்துக்கு நூறாம்!

மல்லிகா_ஆத்தூர்:
சேலத்தாரே, நானும் உங்க ஜில்லாதான். யாரோட சுதந்திரத்தப் பேசறீங்க? எங்க அம்மாயி சொல்லும், கூலி போடற அன்னிக்கு அவங்கம்மா வெங்கலப் பானையத் தூக்கிட்டு போய் பக்கத்து வீட்டுல வெச்சிருமாம், புருஷன் குடிச்சுட்டு வந்து அதையும் அடகுக்குத் தூக்கிட்டுப் போயிருவாருன்னு. கடைய மூடுனப்புறம்தான் அந்தப் பானை எங்க வீட்டு அடுப்படியிலயே இருந்துச்சு. அந்தப் பொம்பளைக்கு வந்தது சுதந்திரம் இல்லையா? உங்க படத்துல நாலு கட்டம் இருக்கே, அதுல ஒண்ணுலயாவது வீட்டுக்குள்ள இருக்கற பொம்பள இருக்காளா? எல்லாப் புள்ளியும் அரசாங்கம் ஆம்பளைய என்ன பண்ணுச்சுன்னு மட்டுந்தான் கணக்கு வெக்குது.

நடுக்கோடு:
அப்படிப் போடுங்க மேடம்! இதத்தான் நானும் சொல்றேன்.

மல்லிகா_ஆத்தூர்:
நீங்க இத எங்கயும் சொல்லல. என் பேச்ச உங்க கணக்குல எழுதாதீங்க.

சேலத்தான்:
மல்லிகாம்மா சொல்றத நான் மறுக்கல. நல்லது நடந்திருக்கலாம். நல்லது நடந்துச்சாங்கறது என் கேள்வி இல்ல. போலீச வெச்சு நல்லது பண்ணுனா அது மேல் கட்டம். மேல் கட்டத்துல வெச்சுட்டு அப்புறம் அவர நல்லவருன்னு சொல்லிக்கோங்க, யாரு வேண்டாங்கறா. 1937 அக்டோபர் 1.

சிவப்புத்துண்டு:
கள்ளையே புடிச்சுத் தொங்கறீங்களேய்யா. 1938ல 125 பள்ளிக்கூடத்துல இந்தியக் கட்டாயமாக்குனது யாரு? எதிர்த்தவங்க மேல வெள்ளைக்காரன் காங்கிரஸ ஒடுக்க வெச்சிருந்த அதே கிரிமினல் சட்டத்தத் திருப்பி விட்டது யாரு? ஆயிரம் பேருக்கு மேல ஜெயிலுக்குப் போனாங்க, கைக்கொழந்தையோட போன தாய்மாரும் உண்டு. 1939ல நடராசனும் தாளமுத்துவும் கைதியாவே செத்தாங்க. 1953ல பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில்னு ஒரு திட்டம். இதெல்லாம் கீழ்க் கட்டமா?

நடுக்கோடு:
தோழர் வந்துட்டாரா. அதே ராஜாஜிதான் பின்னாடி இந்தி ஆட்சிமொழியாகக் கூடாதுன்னு எதிர்த்தாரு, அத வசதியா மறந்துடுவீங்க. உங்க ரஷ்யா ஸ்டாலின எந்தக் கட்டத்துல வெக்கறதுன்னு போன மாசம் கேட்டேன், இன்னும் பதில் வரல.

சிவப்புத்துண்டு:
ராஜாஜியப் பேசுனா ஸ்டாலின இழுக்கறது, இதான உங்க வழக்கம். காமராஜர் பத்திப் பேசுனப்பவும் இதையேதான் பண்ணுனீங்க, அன்னிக்கு என்னை படிக்காதவன்னு சொன்னதுக்கு இன்னும் மன்னிப்பு கேக்கல. 1952ல தேர்தல்லயே நிக்காம மேலவையில நியமனம் வாங்கி முதலமைச்சரானவரு, எதுக்கு? கம்யூனிஸ்டுங்க ஆட்சிக்கு வந்துறக் கூடாதுன்னு. அது எந்த சுதந்திரம்?

நடுக்கோடு:
படிக்காதவன்னு சொல்லல, படிச்சத மறந்தவன்னு சொன்னேன். தேடிப் பாருங்க.

சேலத்தான்:
நீங்க ரெண்டு பேரும் உங்க பழைய பஞ்சாயத்த வெளிய வெச்சுக்கங்க. மதுவிலக்குக்கு பதில் சொல்லுங்க.

நடுக்கோடு:
சொல்றேன். சுதந்திராக் கட்சியோட அடிப்படைக் கொள்கையில இல்லாத விஷயத்துல உறுப்பினரு அவங்கவங்க மனசுப்படி இருக்கலாம்னே அவங்க விதி. சொந்தக் கட்சிக்காரன் மேலயே தன் கருத்தத் திணிக்காத மனுஷன். 1971ல மதுவிலக்க எடுக்கப் போறாங்கன்னதும் தொண்ணூறு தாண்டுன வயசுல கலைஞர நேர்ல போய்ப் பாத்துக் கேட்டுக்கிட்டாரு. கேட்டுக்கிட்டாரு, மிரட்டல.

சேலத்தான்:
என்னன்னு கேட்டுக்கிட்டாரு? சட்டத்த எடுக்காதீங்கன்னுதான? 1937ல புடிச்ச பிடிய 1971லயும் விடல. அப்ப அது ஏதோ ஒரு காலத்துல பண்ணுன தப்பு இல்ல, கடைசி வரைக்கும் அவரு அப்படித்தான். நீங்களே எனக்கு சாட்சி சொல்லிட்டீங்க.

பழையபேப்பர்:
சேலத்துல இருந்தே இன்னொண்ணு சொல்றேன். 1920கள்ல கள்ளுக்கடை மறியல் நடந்தப்ப பெரியார் தாதம்பட்டியில இருந்த தன்னோட தோப்புல 500 தென்னைக்கு மேல வெட்டிச் சாய்ச்சாரு. அதுவும் கள்ளுக்கு எதிர்தான். ரெண்டையும் ஒரே எடத்துல வெப்பீங்களா?

சேலத்தான்:
எப்படி வெப்பேன்! அவரு வெட்டுனது சொந்த மரம். இவரு ஏறக்கூடாதுன்னது எங்க தாத்தா ஏறுன மரம். நானும் மொதல்ல இருந்து இதத்தான சொல்றேன்.

மல்லிகா_ஆத்தூர்:
அந்தத் தோப்புல பாளை சீவிப் பொழச்சவன் இருந்திருப்பான்ல? மரம் முதலாளியோடதா இருந்தா மட்டும் கூலிக்காரன் வயித்துக்கு வலிக்காதா? தாத்தாவுக்கு ஒரு நியாயம், தாதம்பட்டிக்கு ஒரு நியாயமா?

சேலத்தான்:
மரம் அவரோடது. சட்டம் எல்லாருக்கும். இந்த வித்தியாசம் புரியலன்னா நான் என்ன பண்றது.

சிவப்புத்துண்டு:
மரத்துக்கு சொந்தக்காரன் என்ன வேணா பண்ணலாம்னா சேலத்தாரும் வலது கட்டந்தான் போல.

சேலத்தான்:
யாருய்யா வலது? சூளையில மண்ணு மிதிச்ச குடும்பம்யா எங்களோடது. வார்த்தையப் பாத்துப் பேசு.

நடுக்கோடு:
படத்த மாத்திப் போட்டிருக்கேன், ராஜாஜி புள்ளிய அரை அங்குலம் மேல ஏத்தியிருக்கேன். கோட்டுக்குக் கீழதான் இருக்காரு, அதுக்கு மேல ஏத்த மாட்டேன்.

சேலத்தான்:
அரை அங்குலமா? 1937 அக்டோபர் 1க்கு அரை அங்குலமா?