7-வது வாரத்துல டிவிஎஸ் ஸ்கேன் எடுத்தவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

தோழிகளே, எனக்கு இப்போ 7-வது வாரம். கர்ப்பப்பையில சின்னதா ஒரு ஃபைப்ராய்டு கட்டி இருக்குன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அதனால டாக்டரம்மா, வயித்து மேல எடுக்கிற ஸ்கேன் வேண்டாம், பிறப்புறுப்பு வழியா உள்ளே வச்சு எடுக்கிற டிவிஎஸ் எடுத்துட்டு வாங்கன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கா, துடிப்பு வந்திருக்கா, கட்டி எந்தப் பக்கம்னு இந்த நேரத்துல அதுலதான் தெளிவாத் தெரியுமாம்.

மாமியார்தான், "உள்ளே எதையாவது விட்டா கரு கலைஞ்சிடும்"னு ஒரே பிடி. அந்தக் கருவி கர்ப்பப்பைக்குள்ள போகவே போகாது, கருவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எனக்குப் பயமில்ல, அத்தைக்கு எப்படிப் புரியவைக்கிறது?

எடுத்தவங்க சொல்லுங்க, வலிக்குமா? லேடி டாக்டர் வேணும்னு முன்கூட்டியே கேட்டா ஏற்பாடு பண்ணுவாங்களா? (வயித்து ஸ்கேன் மாதிரி தண்ணி குடிச்சு அடக்கிட்டு வர வேண்டாம், யூரின் போயிட்டே வாங்கன்னு சென்டர்ல சொன்னாங்க. அது ஒரு நிம்மதி.)

முக்கியமா, கட்டியோட மாசமா இருந்தவங்க: 11-லேருந்து 14 வாரத்துக்குள்ள எடுக்கிற என்டி ஸ்கேனை (குழந்தையோட பின்கழுத்துல இருக்கிற நீரோட அளவைப் பார்ப்பாங்களே, அது) உங்களுக்கு வயித்து மேலேயே எடுத்தாங்களா, இல்ல மறுபடியும் உள்ளேயா? திங்கட்கிழமை போறேன், அதுக்குள்ள சொன்னா உதவியா இருக்கும்.