பச்சை அட்டை விண்ணப்பம்: சட்டப்படி நுழைந்ததற்குச் சான்று

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
2012-இல் எச்-4 விசாவில் (வேலை விசாவில் செல்பவரின் குடும்பத்தினருக்கானது) கணவருடன் அமெரிக்கா சென்று, அதன்பின் ஒருமுறைகூட ஊருக்கு வர இயலாத என் தங்கை, இப்போது பச்சை அட்டை (நிரந்தரக் குடியுரிமை அட்டை) கேட்டு ஐ-485 விண்ணப்பம் அனுப்பவிருக்கிறார். விமான நிலையத்தில் தந்த ஐ-94 சீட்டு (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. என்ன செய்யலாங்க?

மறுமொழி 1:
பதற வேண்டாங்க. ரத்தான பழைய பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை இருக்கும். தங்கும் காலத்தை நீட்டித்த ஐ-797 ஆணையின் அடியிலும் ஐ-94 எண்ணைப் பாருங்கள்.

மறுமொழி 2:
விமானப் பயணிகளுக்கு 2013-இல்தான் ஐ-94 மின்பதிவானது. முந்தைய தாள் சீட்டு தொலைந்திருந்தால் ஐ-102 படிவத்தில் மாற்றுச் சீட்டு கோரலாம். நம் பக்கத்தில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், விசாவில் இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிட்டிருப்பார்கள். பெயரை அதே வடிவில் எழுதுவது மிக முக்கியம்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. விசாப் பக்கத்தின் நகல் அம்மாவின் பீரோவில் இருக்கிறது, இன்றே அனுப்புகிறேன்.